கையில் கிடைத்த புழுவுக்குச் சரியான பெயர் கண்டுபிடிப்பது எப்படி

மாட்டுச் சாணத்தில் நெளிந்தாலும் சரி, ஆட்டுக் குடலில் கிடந்தாலும் சரி, குழந்தையின் மலத்தில் வந்தாலும் சரி, நம் ஊரில் எல்லாமே 'பூச்சி'தான். நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்று இரண்டு மூன்று பெயர் இருக்கும், மருந்துக்கடையில் சொன்னால் மாத்திரை கிடைக்கும், வேலை முடிந்தது. வீட்டுக்கு இது போதலாம். விலங்கியலோ கால்நடை மருத்துவமோ படிக்கிறவருக்கு, ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவருக்கு இது பத்தாது. நாக்குப்பூச்சி என்றால் ஒரு ஊரில் மனிதக் குடலில் இருக்கும் நீளமான உருளைப்புழு, இன்னொரு ஊரில் வயலில் கிடக்கும் மண்புழு. இதை வைத்துக்கொண்டு எந்த மருந்து கொடுப்பது, எந்த நத்தை வழியாக வந்தது, எந்த விலங்கிலிருந்து பரவியது என்று ஒன்றும் சொல்ல முடியாது.

பாலூட்டிகளின் உடலில் வாழும் புழு ஒன்று கிடைத்தால் அதை எப்படி வகைபிரிப்பது, அதன் அறிவியல் பெயரை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இந்த வேலை முழுவதற்கும் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று இறங்கும் படிகளில், கையில் இருக்கும் சான்று எந்தப் படிவரை இறங்க விடுகிறதோ அந்தப் படியில் நின்றுவிட வேண்டும். குடும்பம் வரைக்கும்தான் தெரிகிறது என்றால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். ஆட்டில் கிடைத்தது, ஆகவே இந்த இனமாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிய பெயரைவிட, நேர்மையாகப் பாதியில் நிறுத்திய பெயர் ஆயிரம் மடங்கு மேல்.

முதலில், அது புழுதானா?

சிரிக்காதீர்கள். 'புழு' என்று ஆய்வுக்கூடத்துக்கு வருவதில் கணிசமானவை புழுவே இல்லை. வாழைப்பழம் சாப்பிட்ட குழந்தையின் மலத்தில் கருப்பு நூல் போல வருவது பழத்தின் நார். முற்றத்தில் கழித்த மலத்தின் மேல் ஏறிய மண்புழுவைக் கொண்டுவந்து 'உள்ளே இருந்து வந்தது' என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. செம்மறியாட்டின் மூக்கில் இருந்து தும்மலோடு விழும் தடித்த வெள்ளைப் புழு ஒரு ஈயின் இளம்பருவம். குதிரை வயிற்றின் உட்சுவரில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். உடம்பில் வளையம் வளையமாகச் சிறுமுட்கள், வாயில் கருப்புக் கொக்கி, பின்முனையில் மூச்சுவிடும் தட்டு இரண்டு இருந்தால் அது பூச்சியினம், இந்தக் கட்டுரைக்கு வெளியே. நாயின் மூக்குக்குள் வாழும் நாக்குவடிவ லிங்குவாட்டுலா இன்னும் குழப்பமானது: பார்க்க அசல் நாடாப்புழு மாதிரியே இருக்கும், ஆனால் இன்றைய வகைப்பாட்டில் அதற்கு இடம் இறால், நண்டு இருக்கும் ஓட்டுடலிகள் பக்கத்தில்.

சரி, புழுதான் என்று உறுதியான பிறகு நான்கு கூட்டத்தில் ஒன்றில் அடக்கலாம். உடம்பு குறுக்காக வெட்டினால் வட்டமாக, இரு முனையும் ஒடுங்கி, வாயில் தொடங்கி ஆசனவாய் வரை முழுக் குடல் இருந்தால் உருளைப்புழு, அதாவது நெமட்டோடு. இதில் ஆண் வேறு, பெண் வேறு. உடம்பு நாடா போலத் துண்டு துண்டாக, குடல் என்பதே இல்லாமல், தலையில் உறிஞ்சிகள் இருந்தால் நாடாப்புழு, செஸ்டோடு. இலை மாதிரி, துண்டுகள் இல்லாமல், உறிஞ்சிகளோடு, ஆசனவாய் இல்லாத குடலோடு இருந்தால் தட்டைப்புழு, ட்ரெமட்டோடு. நான்காவதான முள்தலைப்புழு அபூர்வம். பன்றிக் குடலிலும் எலிக் குடலிலும் பார்க்கலாம். முன்முனையில் உள்ளே இழுத்து வெளியே நீட்டக்கூடிய முள் நிறைந்த துதிக்கை இருக்கும், குடல் இருக்காது. பன்றியில் இருப்பது பெரிதாக, சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் அவசரத்தில் உருளைப்புழு என்று எழுதிவிடுவார்கள். மரபணு ஆய்வுகள் இந்த முள்தலைக் கூட்டத்தை, குளத்துநீரில் நீந்தும் நுண்ணிய ரோட்டிஃபர்களுக்கு நெருங்கிய சொந்தமாகக் காட்டுகின்றன.

இந்த நான்கிலும் விதிவிலக்குதான் ஆளைக் கவிழ்க்கும். தட்டைப்புழு என்ற பெயரை நம்பி மாட்டின் முதல் வயிற்றைத் திறந்தால், உட்சுவரில் சிவப்பாகத் தடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆம்ஃபிஸ்டோம்கள் கொஞ்சம்கூடத் தட்டையாக இருக்காது; மாதுளை முத்து அளவில் உருண்டு திரண்டிருக்கும், பின்முனையில் பெரிய உறிஞ்சி ஒன்று இருக்கும். அதுவும் ட்ரெமட்டோடுதான். தட்டைப்புழுக்கள் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமாக இருப்பவை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இரத்தக்குழாயில் வாழும் ஷிஸ்டோசோமா அதை மீறுகிறது. அதில் ஆண் தனி, பெண் தனி. மெல்லிய பெண்ணை ஆண் தன் உடம்பின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டே வாழ்கிறது. ஆக ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது, இரண்டு மூன்று சேர்ந்து ஒத்துவர வேண்டும்.

பெயரைத் தேடுவதற்கு முன் புழுவைக் காப்பாற்றுங்கள்

அடையாளம் காண முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அறிவுக்குறைவு அல்ல, புழுவைக் கெடுத்து வைத்திருப்பதுதான். உயிரோடு இருக்கும் உருளைப்புழுவைக் குளிர்ந்த ஆல்கஹாலில் போட்டால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் அதன் வாலையும் வாயையும் எந்தக் கண்ணாடித் தகட்டிலும் நேராக வைக்க முடியாது. உப்புநீரில் கழுவிவிட்டு, சூடாக்கிய 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். படக்கென்று நீண்டு நேராகச் செத்துவிடும். ஆல்கஹாலை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், பக்கத்தில் தீச்சுடர் கூடாது. பிறகு லாக்டோஃபீனால் ஒரு சொட்டு விட்டு மூடித்தகடு போட்டால் உடம்பு கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளுறுப்புகள் தெரியும்.

நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் வழி வேறு. குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் போட்டு, தொட்டாலும் சுருங்காத அளவுக்குத் தளர்ந்த பிறகு, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் மெதுவாக அழுத்திப் பதப்படுத்தி, கார்மைன் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். முள்தலைப்புழுவையும் தண்ணீரில் போட்டு வைத்தால் துதிக்கை வெளியே வரும். வராவிட்டால் முட்களை எண்ண முடியாது, எண்ண முடியாவிட்டால் பெயரும் இல்லை. நாடாப்புழுவில் தலை இல்லாமல் உடம்பை மட்டும் இழுத்து எடுத்து வருவதும் இதே கதைதான். குடல்சுவரோடு சேர்த்து வெட்டி எடுங்கள், பிய்க்காதீர்கள்.

ஃபார்மலினில் போட்டால் உருவம் நன்றாக நிற்கும், ஆனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஆகவே எப்போதும் சில புழுக்களைத் தனியாக 95 சதவீத எத்தனாலில் எடுத்து வையுங்கள். இன்றைக்குத் தேவைப்படாது, ஆனால் பின்னால் யாராவது கேட்பார்கள்.

நாயின் குடலைத் திறக்கும்போது மட்டும் கூடுதல் கவனம். எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு சில மில்லிமீட்டர்தான் இருக்கும், மூன்று நான்கு துண்டுதான், ஆனால் அதன் முட்டை உங்கள் வாய்க்குள் போனால் கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளரும். நிறைய ஆய்வுக்கூடங்களில் நாய்க் குடலை மைனஸ் 80 டிகிரியில் சில நாட்கள் உறைய வைத்த பிறகே திறக்கிறார்கள். மனிதரின் டீனியா சோலியம் முட்டையும் அதே மாதிரி ஆபத்தானது, அது மூளை வரைக்கும் போகும்.

ஆட்டின் நாலாம் வயிற்றிலிருந்து ஒரு உதாரணம்

செத்துப்போன வெள்ளாடு ஒன்றின் நாலாம் வயிற்றில், ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய புழுக்கள் குவியலாகக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சில புழுக்களில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிவிட்ட கயிறு போலத் தெரிகிறது. இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பைக் குழாய் சுற்றியிருப்பதால் வரும் தோற்றம் அது. உருளைப்புழு, பெண்.

இனிமேல் ஆணைத் தேடுங்கள். உருளைப்புழுக்களின் அடையாளத்தில் பாதிக்கு மேல் ஆணின் பின்முனையில் இருக்கிறது. அங்கே விரிந்த குடை போல ஒரு சவ்வு இருந்தால், அதற்குக் கதிர்கள் போலத் தாங்குதண்டுகள் இருந்தால், ஸ்ட்ராஞ்சிலிடா என்ற வரிசைக்குள் வந்துவிட்டோம். அடுத்து வாயைப் பாருங்கள். பெரிய கிண்ணம் போன்ற வாய், பற்களோ வெட்டுத்தகடுகளோ இருந்தால் கொக்கிப்புழுக்களும் அவற்றின் உறவினர்களும். வாய்க்கிண்ணம் மிகச் சிறியது, உடம்பு முடிபோல மெல்லியது என்றால் ட்ரைகோஸ்ட்ராஞ்சிலாய்டியா என்ற மேற்குடும்பம். நம்முடையது இரண்டாவது. அந்தச் சிறு வாய்க்குள் ஈட்டிமுனை போல ஒரே ஒரு பல் தெரிகிறது, ஆணின் குடையில் முதுகுப்பக்க மடல் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கிறது, அதன் கதிர் தலைகீழாகப் பிடித்த கவை போலப் பிரிகிறது. இவ்வளவும் சேர்ந்தால் பேரினம் ஹீமாங்கஸ்.

இனத்துக்குப் போவது இன்னும் ஒரு படி, அதுதான் வழுக்கும். ஆட்டில் வழக்கமாக இருப்பது ஹீமாங்கஸ் கன்டார்டஸ், மாட்டில் ஹீமாங்கஸ் ப்ளேசி. ஆனால் ஆடும் மாடும் ஒரே மேய்ச்சலில் இருந்தால் இரண்டும் இடம் மாறும். ஆணின் இனச்சேர்க்கை முட்களில் நுனியிலிருந்து சிறு கொக்கி வரையுள்ள தூரத்தை அளந்து பிரிப்பார்கள், அளவுகள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சந்தேகம் வந்தால் ஐ.டி.எஸ்-2 என்ற டி.என்.ஏ. பகுதியைப் படிக்க வேண்டியதுதான். இரண்டுக்கும் அதில் மூன்றே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அந்த மூன்றும் நம்பகமானவை. இந்த வசதி இல்லையா? 'ஹீமாங்கஸ் எஸ்பி.' என்று எழுதுங்கள். ஒரே ஒரு இனம், எதென்று தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். பல இனம் கலந்திருக்கலாம் என்றால் 'எஸ்பிபி.'. இப்படி எழுத வெட்கப்படுகிறவர்கள்தான் தவறான பெயர்களை உலகத்தில் பரப்புகிறார்கள்.

முட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் இன்னும் மேலேயே நின்றுவிட வேண்டும். சாணத்தை அடர்ந்த உப்புக்கரைசலில் மிதக்கவிட்டால் உருளைப்புழு முட்டைகள் மேலே வரும். கனமான கல்லீரல் தட்டைப்புழு முட்டைக்கு அடியில் படியவிடும் முறை வேண்டும். சாட்டைப்புழு முட்டை எலுமிச்சை வடிவில் இரு முனையிலும் அடைப்போடு இருக்கும், பேரினம் வரை தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஆட்டுச் சாணத்தில் வரும் மெல்லிய ஓட்டு நீள்வட்ட முட்டைகளில் ஹீமாங்கஸ், ட்ரைகோஸ்ட்ராஞ்சிலஸ், ஈசோஃபகோஸ்டோமம் எல்லாம் ஒரே முகம். 'ஸ்ட்ராஞ்சைல் வகை முட்டை' என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது. பேரினம் வேண்டுமானால் சாணத்தை ஏறக்குறைய ஒரு வாரம் ஈரமும் மிதமான சூடுமாக வைத்து மூன்றாம் பருவ இளம்புழுவை வளர்த்து, அதன் வால் உறையின் நீளத்தைப் பாருங்கள்: ட்ரைகோஸ்ட்ராஞ்சிலஸில் குட்டை, ஹீமாங்கஸில் நடுத்தரம், ஈசோஃபகோஸ்டோமத்தில் நூல் போல நீளம். டீனியா என்ற நாடாப்புழுவின் முட்டையும் இப்படித்தான், டீனியா சோலியமா டீனியா சாஜினேட்டாவா என்று நுண்ணோக்கியில் யாராலும் சொல்ல முடியாது. தலை கிடைத்தால் கொக்கி இருப்பது சோலியம், கொக்கி இல்லாதது சாஜினேட்டா. தலை கிடைக்காமல் முதிர்ந்த துண்டு மட்டும் வந்தால் கருப்பையின் பக்கக் கிளைகளை ஒரு பக்கம் எண்ணுங்கள், பத்துக்குப் பக்கத்தில் என்றால் சோலியம், பதினைந்துக்கு மேல் என்றால் சாஜினேட்டா. ஆனால் கிழக்காசியாவிலிருந்து வந்த நோயாளி என்றால் 1993-ல் பெயரிடப்பட்ட டீனியா ஏசியாட்டிகாவும் மனதில் இருக்கட்டும், அது துண்டைப் பார்த்தால் சாஜினேட்டா போலவே இருக்கும், ஆனால் பன்றியின் கல்லீரல் வழியாக வருவது.

பெயரைப் படிப்பது

ஹீமாங்கஸ் கன்டார்டஸ் (ருடால்ஃபி, 1803) காப், 1898 என்று எழுதியிருக்கிறது. முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம். ருடால்ஃபி 1803-ல் இந்தப் புழுவை விவரித்தபோது ஸ்ட்ராஞ்சிலஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 1898-ல் காப் ஹீமாங்கஸ் என்று புதுப் பேரினம் உண்டாக்கி அதற்கு மாற்றினார். அடைப்புக்குறி சொல்வது அதைத்தான்: முதலில் பெயரிட்டவர் இவர், ஆனால் இப்போது இருக்கும் பேரினம் அவர் வைத்தது இல்லை. அடைப்புக்குறி இல்லையென்றால், உதாரணமாக ஃபாசியோலா ஹெபாட்டிகா லின்னேயஸ், 1758 என்று இருந்தால், அன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. ஆகவே அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைத்துப் போடவோ எடுக்கவோ கூடாது. மாணவர் அறிக்கைகளில் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பேரினம் மாறும்போது இனப்பெயரின் வாலும் மாறலாம், ஏனென்றால் லத்தீனில் சொற்களுக்குப் பால் உண்டு. ஸ்டைல்ஸ் 1902-ல் ஒரு கொக்கிப்புழுவுக்கு அன்சினேரியா அமெரிக்கானா என்று பெயர் வைத்தார், அடுத்த வருடமே அதை நெகேட்டர் பேரினத்துக்குக் கொண்டுபோனார். நெகேட்டர் ஆண்பால், ஆகவே அமெரிக்கானஸ் ஆயிற்று. ஆன்கைலோஸ்டோமா என்ற கொக்கிப்புழுப் பேரினம் அஃறிணை மாதிரி, ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை, அதனால் கனைனம், சிலானிகம் என்று முடிகிறது. நாயின் உருளைப்புழுவான டாக்சோகாரா கேனிஸ் மட்டும் ஏன் மாறவில்லை என்றால், அங்கே கேனிஸ் என்பது 'நாயினுடைய' என்ற வேற்றுமை வடிவம், பால் பார்க்காது.

மேல்படிகளுக்கு விகுதிதான் அடையாளம். 'ஆய்டியா' என்று முடிந்தால் மேற்குடும்பம், 'இடே' என்று முடிந்தால் குடும்பம், 'இனே' என்று முடிந்தால் துணைக்குடும்பம். சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிகள் கட்டுப்படுத்துவது மேற்குடும்பம் வரைக்கும்தான். அதற்கு மேலே வரிசை, வகுப்பு எல்லாம் அவரவர் வழக்கம்.

தமிழில் எழுதும்போது இரண்டு சொல்லையும் முதல் தடவை முழுசாக எழுதுங்கள். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் எது பேரினம் என்று வரிசை மட்டும்தான் சொல்லும், வரிசையைக் குலைக்காதீர்கள். 'ட்ரை.' என்று சுருக்குவது வேண்டாம். ட்ரைகியூரிஸ், ட்ரைகினெல்லா, ட்ரைகோஸ்ட்ராஞ்சிலஸ் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

பெயர் ஏன் மாறுகிறது, ஏன் சில சமயம் மாறவே மாட்டேன் என்கிறது

விதி எளிமையானது: 1758 ஜனவரி 1-க்குப் பிறகு முறையாக வெளியான பெயர்களில் முந்தியது எதுவோ அதுதான் செல்லும். சரியான பெயர், அழகான பெயர் என்பதற்கெல்லாம் மதிப்பில்லை. சாட்டைப்புழுவை முதலில் பார்த்தவர்கள் அதன் மெல்லிய முனையை வால் என்று நினைத்து 1761-ல் ட்ரைகியூரிஸ், மயிர்வால் என்று வைத்தார்கள். உண்மையில் அது தலை. பின்னால் வந்தவர்கள் மயிர்த்தலை என்று பொருள்படும் ட்ரைகோசெஃபாலஸ் என்று திருத்திப் பார்த்தார்கள், சில நாடுகளில் நெடுங்காலம் அந்தப் பெயர் புழங்கியும் வந்தது. செல்லுபடியாவது மயிர்வால்தான்.

ஷிஸ்டோசோமாவும் அப்படி. 1851-ல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தவர் பில்ஹார்ஸ். அவர் பெயரால் பில்ஹார்சியா என்று காபோல்ட் வைத்தது நியாயமாகத்தான் பட்டது, ஆனால் அதற்குச் சற்று முன்னால், 1858-ல், வெய்ன்லாண்ட் ஷிஸ்டோசோமா என்று வைத்துவிட்டார். பில்ஹார்சியா நோயின் பெயராக மட்டும் தங்கிவிட்டது. இந்தப் பேரினத்தில் நமக்கு நெருக்கமானது மாட்டின் மூக்கு நாளங்களில் வாழும் ஷிஸ்டோசோமா நேசேல். 1933-ல் மெட்ராஸ் மாகாணத்தில் ராவ் பெயரிட்டது. மூக்குக்குள் கட்டி வளர்ந்து மாடு குறட்டை விடுவதுபோல மூச்சுவிடும்.

முந்திய பெயராக இருந்தும் தோற்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: அதே பேரினப் பெயர் வேறு விலங்குக்கு ஏற்கெனவே போயிருந்தால். 1835-ல் லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்ற மாணவர் மனிதத் தசையில் பார்த்த சுருள்புழுவுக்கு ஓவன் வைத்த பெயர் ட்ரைகினா ஸ்பைராலிஸ். ஆனால் ட்ரைகினா என்று ஒரு ஈ 1830-லேயே இருந்தது. ஆகவே 1895-ல் ரயே ட்ரைகினெல்லா என்று மாற்றினார். ஓவன் பெயர் அடைப்புக்குறிக்குள் போயிற்று.

அப்புறம் இளம்பருவத்துக்குத் தனிப்பெயர் வைத்த பிரச்சினை. பன்றி இறைச்சியில் இருக்கும் அரிசிமணி போன்ற கொப்புளத்தைச் சிஸ்டிசெர்கஸ் செல்லுலோசே என்றும், மனிதக் குடலில் இருக்கும் நாடாவை டீனியா சோலியம் என்றும் இரண்டு விலங்காக நினைத்தார்கள். 1850-களில் ஜெர்மனியில் கூஹன்மைஸ்டர் மரண தண்டனைக் கைதி ஒருவருக்குத் தெரியாமல் உணவில் அந்தக் கொப்புளங்களைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பிறகு குடலைத் திறந்து இளம் நாடாப்புழுக்களைக் காட்டினார். இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது. இரண்டும் ஒன்றே என்று ஆனபின்னும் பழைய பெயர்கள் கால்நடை மருத்துவத்தில் ஓய்ந்தபாடில்லை. ஆட்டின் மூளையில் வளர்ந்து அதை வட்டமடிக்க வைக்கும் நீர்ப்பையைச் சீனுரஸ் செரிப்ராலிஸ் என்றே இன்னும் சொல்கிறார்கள். சொல்லலாம், ஆனால் அது இனப்பெயர் அல்ல, நாயின் குடலில் வாழும் டீனியா மல்ட்டிசெப்ஸின் இளம்பருவம். அறிக்கையில் 'டீனியா மல்ட்டிசெப்ஸ், இளம்பருவம்' என்று எழுதிவிடுங்கள்.

இரண்டை ஒன்றாக்கிப் பின் பிரித்த கதைகளில் எனக்குப் பிடித்தது ஆன்கைலோஸ்டோமா சிலானிகம். 1911-ல் லூஸ் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றில் எடுத்த கொக்கிப்புழுவுக்கு இந்தப் பெயர் வைத்தார். அதற்கு முந்திய வருடம்தான் பிரேசிலில் பூனை, நாயிலிருந்து ஆன்கைலோஸ்டோமா ப்ரசிலியென்ஸ் வெளியாகியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் முடிவு கட்ட, முந்திய பெயர் என்ற கணக்கில் சிலானிகம் மறைந்தது. 1951-ல் பியோக்கா மறுபடி ஒப்பிட்டு, வாயின் உட்பல் அளவும் ஆணின் குடைக்கதிர்களும் வேறு என்று காட்டிப் பிரித்தார். இது வெறும் பெயர்ச்சண்டை இல்லை. ப்ரசிலியென்ஸ் மனிதத் தோலுக்கு அடியில் ஊர்ந்து அரிப்புத் தடம் போடுவதோடு சரி, குடலில் முதிர்வதில்லை. சிலானிகம் மனிதக் குடலிலேயே முதிர்ந்து இரத்தம் குடிக்கும். பெயர் ஒன்றாக இருந்த காலத்து அறிக்கைகளில் 'ப்ரசிலியென்ஸ் மனிதக் குடலில் கிடைத்தது' என்று படித்தால், அது சிலானிகமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தீராதது குடலில் வாழும் நீளமான உருளைப்புழுவான அஸ்காரிஸ், மனித அஸ்காரிஸும் பன்றி அஸ்காரிஸும். மனிதரில் இருப்பதற்கு லம்ப்ரிகாய்டிஸ் என்று 1758-ல் பெயர், பன்றியில் இருப்பதற்கு சூம் என்று 1782-ல். உருவத்தில் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாது, மரபணுவில் கலப்பினங்களும் இருக்கின்றன. ஒரே இனம் என்று ஒருநாள் முடிவானால் எந்தப் பெயர் நிற்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மேல்படி வகைப்பாட்டில் இவ்வளவு கறாரை எதிர்பார்க்காதீர்கள். ஹீமாங்கஸ் ஒரு பாடநூலில் ட்ரைகோஸ்ட்ராஞ்சிலிடே குடும்பத்தில் இருக்கும், இன்னொன்றில் ஹீமாங்கிடே. பழைய புத்தகங்கள் உருளைப்புழுக்களைச் செசர்னென்ஷியா, அடினோஃபோரியா என்று பிரித்தன. 1998-ல் பிளாக்ஸ்டரும் கூட்டாளிகளும் ரைபோசோம் மரபணுவை வைத்து ஐந்து கிளைகளாகப் பிரித்த பிறகு அந்தப் பிரிவு ஆட்டம்கண்டது, இப்போது பெரும்பாலும் குரோமடோரியா, எனோப்லியா என்கிறார்கள். அந்த மரத்தில் கொக்கிப்புழுவுக்குப் பக்கத்தில் இருப்பது ஆய்வுக்கூடங்களின் செல்லமான, மண்ணில் சுதந்திரமாக வாழும் சி. எலிகன்ஸ் என்ற சின்ன உருளைப்புழு. ஒரே குழந்தையின் குடலில் சேர்ந்து வாழும் அஸ்காரிஸும் சாட்டைப்புழுவும் எதிரெதிர் வகுப்பில் இருக்கின்றன. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அறிக்கை முழுவதும் அதிலேயே இருங்கள். பாதி இது, பாதி அது என்று கலப்பதுதான் தப்பு.

புதிய இனம் என்று தோன்றினால்

பெரும்பாலும் இருக்காது. பழைய இனம் புதிய விலங்கில் வந்திருக்கும், அல்லது கெட்டுப்போன மாதிரியில் அளவு மாறியிருக்கும். பல புழுக்கள், ஆண் பெண் இரண்டும், நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பீடு, கூடவே டி.என்.ஏ., இவ்வளவும் கைக்கு வந்தபிறகு பேசலாம். பெயரைத் தாங்கும் மூல மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, பொதுச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம் அதற்கான முக்கிய இடம். இணையத்தில் மட்டும் வெளியாகும் பெயர் என்றால், விலங்குப் பெயர்களின் சர்வதேசப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு கட்டாயம். ஆள் பெயரை வைப்பதானால் ஆணுக்கு 'ஐ', பெண்ணுக்கு 'ஏ' விகுதி, இடப்பெயருக்கு 'என்சிஸ்'. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும்.

நோயின் பெயரும் குப்பியின் சீட்டும்

புழுவின் பெயரும் நோயின் பெயரும் ஒன்றல்ல. 1988-ல் கால்நடை ஒட்டுண்ணியியலாளர்களின் உலகச் சங்கம் ஒட்டுண்ணி நோய்களுக்கெல்லாம் 'ஓசிஸ்' என்ற விகுதியே போதும் என்று ஒரு பட்டியலை முன்வைத்தது. ஃபாசியோலோசிஸ், ஹீமாங்கோசிஸ் என்று. மனித மருத்துவத்தில் இன்னும் ஃபாசியோலியாசிஸ், ஷிஸ்டோசோமியாசிஸ் என்று 'இயாசிஸ்' ஓடுகிறது. எந்த இதழுக்கு, எந்தத் துறைக்கு எழுதுகிறீர்களோ அந்த வழக்கத்தைப் பிடியுங்கள், இரண்டையும் ஒரே பக்கத்தில் விடாதீர்கள்.

குப்பிக்குள் சீட்டு ஒன்றைப் பென்சிலால் எழுதிப் போடுங்கள்; பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். எந்த விலங்கு, உடலின் எந்தப் பகுதி, எந்த ஊர், என்ன தேதி, யார் எடுத்தது, எந்தத் திரவம், இவ்வளவும் முதலில். பெயரைக் கடைசியில், யார் அடையாளம் கண்டார்கள், எந்த வருடம் என்பதோடு எழுதுங்கள். பிற்காலத்தில் யாராவது பெயரை மாற்றினால் பழைய சீட்டை எடுத்து எறிய வேண்டாம், புதியதைக் கூடவே போட்டு வையுங்கள்.